புலி பார்க்கப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: குட்டியோடு படம், உயிரியல் பூங்கா, மீட்பு மையம், ஜீப் சஃபாரி

புலியைக் காட்டுகிறோம் என்று காசு வாங்கும் சேவைகள் இன்று பல வகை இருக்கின்றன. குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிடுகிறவர்கள், உயிரியல் பூங்காக்கள், மீட்பு மையம் என்று பலகை மாட்டியிருப்பவர்கள், அப்புறம் காட்டுக்குள் ஜீப்பில் கூட்டிப் போகிறவர்கள். எல்லாவற்றுக்கும் இணையத்தில் விமர்சனம் கிடைக்கிறது. ஆனால் புலி தெரிந்தால் ஐந்து நட்சத்திரம், தெரியாவிட்டால் ஒரு நட்சத்திரம் என்பதற்கு மேல் யாரும் பெரிதாக எழுதுவதில்லை, அந்த அளவுகோலே தவறு என்பேன். நான் பார்ப்பது ஒன்றுதான்: நம் கண்ணில் பட வேண்டாம் என்று புலி நினைத்தால் எழுந்து போக அதற்கு வழி இருக்கிறதா? இருக்கிற இடத்துக்குத் தாராளமாகக் காசு கொடுப்பேன், இல்லாத இடத்துக்கு இலவசமாகக் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

முதலில் குட்டியோடு படம் எடுக்கும் இடங்கள். மதிப்பெண் பூஜ்யம். நண்பர்களோடு போனபோது ஒரு இடத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். குட்டிக்கு அப்படி ஒரு தூக்கம், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளர் உட்காரும்போதும் பணியாளர் அதன் முதுகைத் தட்டி எழுப்பி வாயில் பால் புட்டியைத் திணிக்கிறார், அது உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், புட்டியை எடுத்தவுடன் மறுபடி சாய்கிறது, அடுத்த ஆள் வருகிறார், மறுபடி தட்டி எழுப்புகிறார். காட்டில் அந்த வயதுக் குட்டி நாளெல்லாம் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். கிட்டத்தட்ட இரண்டு வயது வரை தாயோடுதான் இருக்கும், வேட்டையைக் கற்றுக்கொள்வதும் அவளிடம்தான். இங்கே பிறந்த சில நாட்களிலேயே பிரித்துவிடுகிறார்கள். பால் குடிக்கும் குட்டி இல்லையென்றால் தாய் சீக்கிரமே அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும் என்பதுதான் அதில் உள்ள கணக்கு. புலியின் கர்ப்பகாலம் நூறு நாளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காட்டில் இரண்டு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஈனும் பெண் புலியை இப்படி விடாமல் ஈன வைக்கலாம்.

குட்டி மடியில் அடங்குவது மூன்று நான்கு மாதம் வரைதான். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று கேளுங்கள், நேரான பதில் வராது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புலிக்கோயில் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருந்த இடத்துக்குள் 2016இல் அதிகாரிகள் நுழைந்தபோது உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. உயிரோடு இருந்த 147 புலிகளை அரசு மையங்களுக்கு மாற்றினார்கள். அவற்றில் 86 இறந்துவிட்டதாக 2019இல் அந்நாட்டு அதிகாரிகளே சொன்னார்கள், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் நோயை எதிர்க்கும் வலு இல்லாமல் போனதுதான் காரணம் என்று விளக்கமும் வந்தது. பல வருடம் அங்கே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாருமே புலிமேல் பிரியம் உள்ளவர்கள்தான், அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. அமெரிக்காவில் தனியார் புலி வளர்ப்பதையும் பொதுமக்கள் குட்டிகளைத் தொடுவதையும் தடுக்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் எத்தனை குட்டிகள் பிறந்தன, எங்கே போயின என்பதற்கு முழுக் கணக்கு யாரிடமும் கிடையாது.

இன்னும் ஒரு விஷயம். சீனா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் பண்ணைகளிலும் இதுபோன்ற காட்சியகங்களிலும் இருக்கும் புலிகள் எட்டாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். உலகக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்தே சுமார் ஐந்தாயிரத்து ஐந்நூறுதான் இருக்கும். புலியின் உறுப்புகளை விற்பதற்காகப் புலி வளர்க்கக்கூடாது என்று 2007இலேயே சைட்டீஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) நாடுகள் முடிவெடுத்தாயிற்று, ஆனாலும் எலும்பு ஊறிய மதுவுக்கும் பல்லுக்கும் தோலுக்கும் சந்தை இருக்கிறது. பண்ணைப் புலி கிடைத்தால் காட்டுப் புலியை விட்டுவிடுவார்கள் என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. சட்டப்படி வந்தது எது, கண்ணி வைத்துப் பிடித்தது எது என்று ஒரு எலும்பைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாத வரை, சந்தை உயிரோடு இருப்பதே காட்டுப் புலிக்கு ஆபத்து.

சரி, உயிரியல் பூங்கா. இங்கே ஒரே மதிப்பெண் போட முடியாது, பூங்காவுக்குப் பூங்கா அவ்வளவு வித்தியாசம். நல்லதற்கு ஐந்தில் மூன்றரை, மோசமானதற்கு அரை.

போனவுடன் புலியைத் தேடாதீர்கள், இடத்தைப் பாருங்கள். படுத்துக்கொள்ள உயரமான மேடை, நிழல், முங்கிக் கிடக்கக் குளம், அப்புறம் முக்கியமாகப் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைய ஒரு புதர் மறைவோ பின்பக்க வழியோ இருக்கிறதா? கண்ணாடிக்குப் பின்னால் எந்த மூலையில் நின்றாலும் புலி தெரியும் என்று விளம்பரம் செய்யும் பூங்காவை நான் அங்கேயே இரண்டு மதிப்பெண் குறைத்துவிடுவேன். அப்புறம் தரையைப் பாருங்கள். வேலியோரமாகப் புல் தேய்ந்து ஒரே கோடாக மண் தெரிந்தால், மூலையில் திரும்பும் இடத்தில் மண் வழுவழுப்பாக இருந்தால், அந்தப் புலி நாளெல்லாம் அதே பாதையில் போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நடப்பது வேறு, காலையிலும் மதியத்திலும் மாலையிலும் அதே எட்டுக்கணக்கில் நடப்பது வேறு. காட்டில் எந்த ஊனுண்ணி எவ்வளவு பெரிய பரப்பில் சுற்றுமோ அந்த அளவுக்குக் கூண்டில் அது இப்படி நடக்கும் என்பதையும், குட்டிகள் அதிகம் சாகும் என்பதையும் 2003இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டியது. இரை நிறைந்த இந்தியக் காட்டில் ஒரு பெண் புலிக்கு இருபது சதுர கிலோமீட்டர் போதும், ரஷ்யத் தூரக் கிழக்கில் இரை குறைவு என்பதால் அதே பெண் புலிக்கு நானூறு வரைகூட வேண்டியிருக்கும். எந்தப் பூங்காவும் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே மீதி நேரத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் நல்ல பூங்கா தெரியும்.

நல்ல காப்பாளர்கள் இருக்கும் இடத்தில் தினமும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும். மானின் சாணத்தை ஒரு மூலையில் போடுவார்கள், புலி அரைமணி நேரம் மோந்து பார்த்துப் புரளும். இறைச்சியைக் கம்பத்தில் உயரமாகக் கட்டுவார்கள், எட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் இறைச்சியை ஐஸ் கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுப்பார்கள். பெரிய அட்டைப்பெட்டியைக் கிழிக்கக் கொடுப்பதும் உண்டு. வாரத்தில் ஒருநாள் சாப்பாடே போடாமல் விடும் பூங்காக்களும் இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு அது கொடுமையாகத் தெரியும், ஆனால் காட்டில் பத்து முறை பாய்ந்தால் ஒன்று கிடைப்பதே பெரிது, கிடைத்த அன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு நாள்கணக்கில் சும்மா இருக்கும் உடம்பு அது. எனக்கு மிகவும் பிடித்தது ரத்தம் எடுக்கும் முறை. மயக்க ஊசி போடாமல், புலி தானாகவே கம்பிவலை ஓரமாக வந்து படுத்து வாலை வெளியே நீட்டப் பழக்கியிருக்கிறார்கள், காப்பாளர் ஒருவர் முன்பக்கம் இறைச்சித் துண்டு கொடுத்துக்கொண்டிருக்க மருத்துவர் வாலில் ரத்தம் எடுக்கிறார். பிடிக்கவில்லையென்றால் புலி எழுந்து போய்விடலாம், அன்றைக்கு விட்டுவிடுவார்கள். இதைக் காட்டி விளக்கும் பூங்கா என்றால் நம்பிப் போகலாம்.

வெள்ளைப் புலியை வைத்து விளம்பரம் செய்கிறார்களா என்றும் பாருங்கள். அது தனி இனம் கிடையாது, வங்கப் புலியில் ஒரு மரபணு மாற்றம். இன்று கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் குட்டியின் வழி வந்தவை, அந்த நிறத்தை வரவழைக்க மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள். அந்த நிறத்தோடு மாறுகண்ணும் ஒட்டிக்கொண்டு வருகிறது, உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வேறு கோளாறுகளும் சேர்ந்துவிட்டன. அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்கள் வெள்ளைப் புலியை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று நிறுத்தியது. வயதான வெள்ளைப் புலி ஒன்றைக் கடைசி வரை பராமரிப்பது நல்ல காரியம், புதிதாகக் குட்டி பிறந்தது என்று கொண்டாடுவது வேறு காரியம்.

மறுபக்கம், பூங்காக்கள் இல்லாமல் சில புலிகளே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்சீனப் புலி இன்று கூண்டுகளில் மட்டுமே இருக்கிறது. எந்தப் புலிக்கு எது தாய் தந்தை என்று வம்சப் பதிவேடு வைத்து, பூங்காவுக்குப் பூங்கா மாற்றி ஜோடி சேர்க்கும் வேலையை ஒழுங்காகச் செய்யும் இடங்களுக்கு என் டிக்கெட் காசு போவதில் எனக்குச் சந்தோஷமே.

மூடிய பேருந்தில் ஏற்றிப் பூங்காவுக்குள்ளேயே சுற்றிக் காட்டும் சஃபாரிகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடம் கூண்டைவிடப் பெரிது, அது நல்லது. பேருந்து வரும் நேரத்துக்கு இறைச்சியைத் தொங்கவிட்டுப் புலியை ஜன்னலுக்கு வரவழைத்தால் மட்டும் இறங்கியதும் புகார் எழுதுங்கள்.

மீட்பு மையங்களில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம், பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போன் செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே குட்டிகள் பிறக்கின்றனவா, தொடலாமா, வேறு இடங்களுக்கு விற்கவோ வாடகைக்கோ கொடுக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அது மீட்பு மையம் இல்லை. உண்மையான மையங்களில் சர்க்கஸிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்த புலிகள் இருக்கும், நகம் பிடுங்கப்பட்டவை, இடுப்பெலும்பு தேய்ந்தவை. அங்கே போனால் புலி தெரியாமல்கூடப் போகலாம், வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் படுத்திருக்கும், யாரும் கூப்பிட்டு எழுப்பமாட்டார்கள். அதற்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். இவற்றைக் காட்டில் விட்டால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். மனிதனிடம் சாப்பாடு வாங்கிப் பழகிய புலி பசித்தால் ஊரைத் தேடித்தான் வரும், அதனால் விட முடியாது. ஆள் முகமே காட்டாமல், உயிருள்ள இரையை வேலிக்குள் விட்டு வளர்த்தால் கதை மாறும். ரஷ்யாவில் பனிக்காலத்தில் அனாதையாகக் கிடைத்த சொலூஷ்கா என்ற பெண் குட்டியை அப்படி வளர்த்து 2013இல் பஸ்தாக் காப்பகத்தில் விட்டார்கள், அது பிழைத்துக் குட்டிகளும் ஈன்றது. மத்தியப் பிரதேசத்தில் கன்ஹாவில் தாயை இழந்து வேலிக்குள் வளர்ந்த பெண் புலியைப் பன்னாவில் விட்டபோதும் இதேதான் நடந்தது. 2024இல் கஜகஸ்தானுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுபோனார்கள், அந்த இரண்டையும் வேலிக்குள்ளேயே வைத்து, அவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளைத்தான் காட்டில் விடுவது என்பதே அப்போதைய திட்டம்.

இனி ஜீப் சஃபாரி. நல்ல வழிகாட்டி கிடைத்தால் இதற்கு ஈடு கிடையாது, கெட்டவர் கிடைத்தால் கூண்டைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஒரு நிறுவனத்தோடு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வழியில் இன்னொரு ஓட்டுநர் கையைக் காட்டியதும் எங்கள் ஆள் வேகமெடுத்தார், மான் கூட்டத்தைக் கடந்து, குழியில் குதித்து, போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே பாதையை அடைத்து வண்டிகள் நின்றன. பெண் புலி ஒன்று பாதையோரம் நின்றுகொண்டிருந்தது, எதிர்ப்பக்கம் புல்லுக்குள் குட்டிகளின் சத்தம் கேட்டது, அவள் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். முகம் நேராகத் தெரியட்டும் என்று எங்கள் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து அவள் போகும் இடைவெளியிலேயே நிறுத்தினார். நகர்த்துங்கள் என்று நான் கேட்டதற்கு எல்லாரும் இதற்குத்தானே காசு கொடுத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அவள் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டாள். வண்டியில் இருந்தவர்கள் அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள், நான் எழுத்தில் புகார் கொடுத்தேன், பதில் வரவில்லை. இது வெறும் மன உளைச்சல் விஷயம் இல்லை. கன்ஹாவிலும் பாந்தவ்கரிலும் புலிகளின் எச்சத்தைச் சேகரித்துச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், சுற்றுலாக் காலத்தில் அழுத்த ஹார்மோன் அளவு கூடியிருந்தது தெரிந்தது, வண்டிகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பு இருந்தது.

இதற்கு நேரெதிராக ஒரு வழிகாட்டியோடு போனேன், புலி தெரியவே இல்லை, என் வாழ்க்கையில் காட்டில் கழித்த நல்ல காலைகளில் அது ஒன்று. வண்டியை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார். மண்ணில் இருந்த தடத்தைக் காட்டி, விளிம்பு உதிராமல் இருக்கிறது, முதல் வண்டியின் டயர் தடத்துக்கு மேலே விழுந்திருக்கிறது, ஆகவே வண்டி போன பிறகு வந்திருக்கிறது என்றார். சதுரமாக இருந்தால் ஆண், சற்று நீண்டிருந்தால் பெண். புள்ளிமான் கத்தினால் உடனே நம்பாதீர்கள், அது சின்ன விஷயத்துக்கும் கத்தும், கடமான் விடாமல் கத்தினால் புலியோ சிறுத்தையோ நிச்சயம் என்றார். மந்தி மரத்தின் மேலிருந்து எந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறது என்பதைக் கவனிக்கச் சொன்னார். ஒரு மரத்தடியில் நிறுத்தி மோந்து பார்க்கச் சொன்னார், பாசுமதி அரிசி வேகும் வாசனை. புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் திரவத்திலும் பாசுமதியிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள்தான். அந்தப் புலி எங்களைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே எங்காவது படுத்திருக்கலாம், வர வேண்டாம் என்று முடிவு செய்தது, அவ்வளவுதான், அது அதன் காடு. இந்த வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து.

சஃபாரிக் காசு காட்டுக்கு உதவுகிறதா என்றால், உதவும், ஆனால் தானாக நடக்காது. ராஜஸ்தானின் ராந்தம்பூர் காப்பகத்தில் இருந்த மச்லி என்ற பெண் புலியைப் பார்க்கவே உலகெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள், ஏரிக்கரையில் குட்டிகளை வளர்த்து, முதலையோடு சண்டை போட்டு, 2016இல் இறக்கும்போது அவளுக்குக் கிட்டத்தட்ட இருபது வயது. அதே ராஜஸ்தானில் சரிஸ்காவிலும் சுற்றுலா இருந்தது, 2005க்குள் ஒரு புலிகூட மிச்சமில்லாமல் வேட்டையாடிவிட்டார்கள். 2009இல் பன்னாவிலும் காலியானது. இரண்டு இடத்திலும் வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. நடந்து ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர், தானியங்கி கேமராவில் புலியின் உடல் வரிகளை வைத்துத் தனித்தனியாக எண்ணுவது, இரை விலங்குகள் பெருகுவது, இவை எல்லாம் சேர்ந்துதான் நேபாளத்தில் 2009இல் 121 ஆக இருந்த புலிகளை 2022இல் 355 ஆக்கின. ஆகவே முன்பதிவு செய்யும்போது கட்டணத்தில் எவ்வளவு காப்பகத்துக்குப் போகிறது, வழிகாட்டி பக்கத்துக் கிராமத்து ஆளா என்று கேளுங்கள். இந்தியாவில் காப்பகத்தின் மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக்கூடாது என்று 2012 முதல் விதி இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது தனியாக ஆசை காட்டினால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

போகிறவர்களுக்கு: கோடையில் நீர்நிலைகள் வற்றியிருக்கும், இருக்கிற குட்டைக்குப் புலி வந்தாக வேண்டும், ஆகவே பார்க்க வாய்ப்பு அதிகம், வெயிலும் அதிகம். முதல் வண்டியாக உள்ளே போங்கள், தடம் அழியாமல் இருக்கும். பைனாகுலர் இருந்தால் ஓட்டுநரை நெருங்கிப் போகச் சொல்லும் ஆசையே வராது. அப்புறம் புலியைக் காட்டினால் கூடுதல் டிப்ஸ் தருகிறேன் என்று ஓட்டுநரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள், மேலே சொன்ன அந்தப் பெண் புலியின் வழியை வண்டி அடைத்து நின்றதற்கு அந்தப் பேச்சுதான் காரணம், கிளம்பும்போது முன்சீட்டில் இருந்தவர் பேரம் பேசியதை நான் கேட்டேன். கொடுக்க நினைக்கும் தொகையை ஏறும்போதே வழிகாட்டி கையில் கொடுத்துவிட்டு, புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இவ்வளவுதான், மெதுவாகப் போங்கள் என்று சொல்லிவிடுங்கள்.